பதினோராவது வளைவில் சிக்னல் போய்விடும்

தீர்த்தகிரி,
நீ மேலே போய் மூன்று மாதம் ஆகிறது.
வங்கிக் கிளையில் நான்கு பேர், ஒரு ஹீட்டர்.
மழை பெய்தால் நெட் இல்லை,
மழை இல்லாவிட்டால் பனி.
"புது வருசத்துக்கு எதையாவது சொல்லு,
பாக்க, கேக்க" என்று அனுப்பியிருந்தாய்,
பன்னிரண்டு பத்துக்கு.
ஒரு வாழ்த்துகூட இல்லை அதில்.

நான் அப்போது ஐந்து ரோடு ஆய்வகத்தில்
ஒரு குழந்தையின் ரத்தம் சுற்றி முடியக் காத்திருந்தேன்.
வெளியே வெடி. உள்ளே இயந்திரம்.
டெங்கு இல்லை என்று தெரிந்தபோது
மணி ஒன்று.
எனக்கு வருடம் அப்போதுதான் பிறந்தது.

சரி, சொல்கிறேன்.
பெயர்கள் எனக்கு நிற்காது, உனக்கே தெரியும்.

ஒரு மலையாளப் படம்.
காணாமல் போன தண்ணீர் மோட்டாரை
அண்ணன் தம்பி மூன்று பேர் தேடுவார்கள்.
இடைவேளைக்குள் தூங்கிவிடுவாய். தூங்கு.
பிற்பாதியில் மூத்தவனின் மனைவி
வெங்காயம் நறுக்குவாள்,
நாலு நிமிடம், ஒரே ஷாட்,
கண்ணில் தண்ணீர் வராமல்.
அதற்கு மட்டும் எழுந்துகொள்.

அப்புறம், பழைய கோர்ட் தீர்ப்புகளைப்
படித்துப் பேசும் இரண்டு பெண்கள்.
ஆடு திருட்டு, வேலித் தகராறு,
முருங்கை மரம் யார் பக்கம் சாய்ந்தது.
பஸ்ஸில் கேட்காதே.
கொண்டலாம்பட்டிப் பாலத்தில் நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து சீட் அம்மாள்
குழந்தையை மடி மாற்றி வைத்துக்கொண்டாள்.

அம்மாப்பேட்டைப் பையன் ஒருவன்
விசைத்தறிச் சத்தத்தைத் தாளமாக வைத்து
ராப் பாடுகிறான்.
கேட்பவர்கள் நானூறு பேர், என்னையும் சேர்த்து.
'தட்டுவடை'க்கு எதுகையாக
'கட்டுப்படியாகலடா' என்கிறான்.
அந்த ஒரு வரிக்காக
மீதி வரிகளை மன்னித்துவிடலாம்.

ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வாங்கிய குற்ற நாவல்,
முப்பது ரூபாய், கடைசி எட்டுப் பக்கம் இல்லை.
முடிவை நானே எழுதிவிட்டேன்,
பின்னட்டையில், பேனாவால்.
கொலைகாரர் போஸ்ட்மாஸ்டர்.
நீ வேறு ஆளைப் பிடித்தால்
கீழே எழுதி அனுப்பு, இடம் விட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வருகிற பெரிய படத்துக்காக
மலை இறங்கி வராதே.
உனக்குச் சத்தம் ஆகாது.
நான் தனியாகப் போய்
உன் பங்குக்கும் விசிலடித்துக்கொள்கிறேன்.

எல்லாம் பென் டிரைவில் ஏற்றியாகிவிட்டது.
நாவலோடு ரப்பர் பேண்ட் போட்டு
காலை ஆறரை பஸ் கண்டக்டர் மாதேஸ்வரனிடம் தருகிறேன்.
ஒண்டிக்கடையில் வாங்கிக்கொள்.
காப்பிப் பழம் காயவைக்கிற களத்தில் உட்கார்ந்து
வெயில் இருக்கும்போதே பார்,
ராத்திரியில் தனியாகப் பார்க்காதே,
அந்த வங்கிக் குடியிருப்பின் டியூப்லைட் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் அதில் இல்லை.

நீ பணியில் சேர்ந்த அன்று
ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு
பார்த்துப் போனோமே, அந்தத் தொடர்.
ஆறாவது பகுதி.
அவள் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும்
பதினோராவது வளைவு,
சிக்னல் போய்
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
பஸ்ஸும்.
கதவுக்குப் பின்னால் அவளுடைய அப்பா என்றாய் நீ.
யாருமே இல்லை என்றேன் நான்.
ஐம்பது ரூபாய் பந்தயம்.
மிச்சத்தைச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று
யார் சொன்னது? நான்தான்.

தீர்த்தா, பார்த்துவிட்டேன்.
நவம்பரிலேயே.
நைட் ஷிப்ட், மழை, வேறு யாரும் இல்லை.

சொல்லமாட்டேன், பயப்படாதே.
ஐம்பது ரூபாயை மட்டும்
கோட்டுப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.
நீ என்றைக்கு இறங்கி வந்தாலும்
முதல்முறை பார்ப்பவளைப் போல அதிர
கை கழுவும் கண்ணாடி முன்னால் பழகிவருகிறேன்.
புருவம் சரியாக வருகிறது.
வாய்தான்
கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிடுகிறது.