சாதகமாகப் பரிசீலிக்கப்படும்

பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை.
பெரிய இடங்கள் வாய் திறக்குமுன்
அந்த வாயைக் கழுவித் துடைத்துக் கொடுப்பது.
விசிட்டிங் கார்டில் பொதுவிவகார ஆலோசகர்.
அம்மா, கேட்பவர்களுக்கு:
"கவர்மெண்டோட கதைக்கிற உத்தியோகம்."

கொள்ளுப்பிட்டியில் பதினோராம் மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்
சத்தமில்லாமல் அடிக்கும்.
சீமெந்துக் கம்பெனி, மருந்துக் கம்பெனி,
ஒருமுறை பால்மாக்காரர்.
கப்பல் துறைமுகத்தில் நிற்க, சனம் கடையில் நிற்க,
'தற்காலிக அசௌகரியம்' என்ற சொல்லை
நான்தான் தெரிந்தெடுத்தேன்.
போனஸ் கிடைத்தது. வாங்கினேன்.

சனிக்கிழமைகளில் கொம்பனித்தெரு.
வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு கதிரை.
ஆடுகிற காலுக்கு அடியில் மடித்த லொத்தர் சீட்டு.
ஜெசிந்தா டோக்கன் கொடுப்பாள்.
சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் சொல்ல வேண்டும்,
தமிழில் வந்த கடிதத்தையும்
தமிழில் சொல்ல வேண்டும்.
தண்ணீர் பில், பிறப்புப் பதிவு,
பெயரில் ஒரு குற்று விழுந்துபோனதால்
பென்ஷன் நின்றுபோன துறைமுகத் தொழிலாளி.
ஏன் வந்தேன் என்று கேட்டால்
சமூகப் பற்று என்று சொல்ல ஆசை.
விவாகரத்துக்குப் பிறகு
சனிக்கிழமை மிகவும் நீளமாக இருந்தது.

டோக்கன் பதினான்கு. மஸாஹிமா.
பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை,
அதற்குள் கடிதம்.
"மகள், இதில என்ன போட்டீக்கி?"

ஒரே தாளில் மூன்று மொழி. மேலே அதிகாரசபை முத்திரை.
இரண்டாம் பந்தியில் என் வசனம் உட்கார்ந்திருந்தது,
குளித்து, பவுடர் பூசி:
'தங்கள் வீட்டுக் கோரிக்கை உரிய காலத்தில்
சாதகமாகப் பரிசீலிக்கப்படும்.'
ஏப்ரலில் எழுதியது.
'சாதகமாக' பிறகு சேர்த்தது,
வெறுமனே விட்டால் மொட்டையாகத் தெரிகிறதென்று.

வாசித்துக் காட்டினேன்.
"அது சரி. ஓமா, இல்லையா?"
"பார்ப்பாங்கள் எண்டு..."
"ஆரு?"
அந்த வினைச்சொல்லுக்குள் ஆள் இல்லை.
ஆள் இல்லாதிருக்கத்தானே அதைப் பிடித்தேன்.
"எப்ப?"
கலண்டரில் உரிய காலம் எந்தத் தாளில் வரும்?
தோட்டம் இடித்து மூன்று வருடம்.
வாடகைக் காசு மாசியோடு நின்றது.
மருமகளுக்கு இது எட்டாம் மாதம்.
அவள் சத்தம் போடவில்லை,
பையை மட்டும் திரும்ப மடித்தாள்.

தகவல் கோரும் படிவம் ஒன்றை எடுத்தேன்.
யார் முடிவெடுப்பது?
எந்தத் திகதி?
மூன்றாவது கேள்வி இருக்கவில்லை.
கீழே மஸாஹிமா கையெழுத்திட்டாள்,
ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு விட்டு.

அடுத்த வாரம் வியாழன், பதினோராம் மாடி.
ஹிரான் ஒரு கோப்பை மேசையில் வைத்தான்.
"வழக்கம் போல ஒரு பதில்."
திறந்தேன். நீல மை.
என் ழகரத்துக்கு இடப்பக்கம் சாய்கிற பழக்கம்,
பள்ளிக்கூடத்திலும் அடி வாங்கித் தந்தது.

விலகிக்கொள்வதுதான் முறை, தெரியும்.
விலகினால் பக்கத்து அறைத் திலானி எழுதுவாள்.
என்னைவிடக் கெட்டிக்காரி,
அவள் எழுதினால்
வாசிக்கிறவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு
ஒரே ஒரு வசனம் எழுதினேன்.
எழுவாய் வைத்த வசனம்.
பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு,
திகதிக்கு ஒரு கோடு.
நிரப்பித் தரும்படி ஹிரானுக்கு அனுப்பினேன்.
சிவப்பு அடித்து வந்தது.
சிவப்பை அழித்துத் திரும்ப அனுப்பினேன்.

வெள்ளி பின்னேரம் வரை பதில் இல்லை.
ஜெசிந்தாவிடமிருந்துதான் செய்தி:
நாளைக்கு வருவீங்கள்தானே,
மேசை திரும்ப ஆடுது.

கீழே இறங்கி
பஸ் தரிப்பிடத்தில் இரண்டு லொத்தர் வாங்கினேன்.
சுரண்டவில்லை.
அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.