சிவப்பு அம்பு

ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பீஸ்
என் கண்ணுக்குக் கீழே போகும்.
தையல் விட்டது, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை.
தேட மாட்டேன். கண்ணே போய் நிற்கும்.
நின்ற இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
அனுப்பர்பாளையத்தில் எனக்குப் பேர் கழுகு மாஸ்டர்.

அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் போவேன்.
செருப்பு கோணல். கையெழுத்து கோணல்.
கணக்கில் முப்பத்தொன்று.
ஜெபம் முடியுமுன் கண்ணைத் திறந்தான் என்று
ஒரு நாள் அடித்தேன்.
அவன் திறந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்று
கிரேஸ்மணி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிறு ஆராதனையில் ஆயர்
எபேசியர் நிருபத்தில் தகப்பன்மாரிடம் வந்தபோது
காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் ராத்திரி, ஓவர்டைம் முடிந்து
நொய்யல் பாலம் தாண்டி வந்தால்
வாசலில் ரூபன்,
முதுகுக்குப் பின்னால் ராங்க் கார்டு.
நான் வாயைத் திறக்குமுன்
முழங்கையைத் தொட்டான்:
"இங்க எதுங்ப்பா ஓட்டை?"

என் சட்டைக் கையில் ஓர் அம்பு.

விளக்கடிக்கு இழுத்துப் போய்
துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஒண்ணுமில்லீங்ப்பா. நல்லாத்தான் இருக்குது."
பிய்த்துச் சுவரில் தேய்த்தான்.

என்னைப் பிள்ளை என்று அழைக்கிறவர்
இந்த நாற்பத்தொரு வருஷமாய்
அம்பு ஒட்டியிருந்தால்
துணியே தெரிந்திருக்காது.

"நோட்டை எடு கண்ணு" என்றேன்.
வகுத்தலில் அடுத்த எண்ணை இறக்க மறந்திருக்கிறான்,
எல்லாக் கணக்கிலும் ஒரே இடத்தில்.
பதினொன்றரை ஆகிவிட்டது.
நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்தது. என்னுடையதுதான்.
எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.