இருநூற்றுப் பதினான்கு வரிகள்

வின்டர்தூரில், ஒருகாலத்தில் எஞ்சின் வார்த்த ஆலை.
இப்போது கண்ணாடி போர்த்திய நான்கு தள அலுவலகம்.
சோப்புப் பெட்டி அளவில் முப்பத்தெட்டு உணரிகளை
நானும் கோர்சினும் ஏணி போட்டு ஒட்டினோம்.
கரியமில வாயு, ஈரம், வெப்பம்.
காற்று கெட்டால் சிவப்பாய் ஒரு பொட்டு விளக்கு.

ஆய்வுக் கேள்வி சின்னது:
மூடிய அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு
ஏன் எல்லோரும் தப்பான முடிவையே எடுக்கிறார்கள்?
ஒருவர் விட்டதை ஒருவர் இழுப்பதால் என்று
பாதி விடை முன்பே தெரியும்.
மீதிப் பாதிக்குத்தான் நிதி.

கட்டடத்துக்கு மூளை வைத்தவன் கோர்சின்.
வாசலில் அட்டை காட்டி நுழைந்தவர்களிலிருந்து
வெளியேறியவர்களைக் கழித்துப் பார்க்கும்.
பூஜ்யம் வந்ததும்
விசிறிகளைத் தூங்க வைக்கும்.
மின்சாரத்தில் முப்பத்தொரு விழுக்காடு மிச்சம்.
எங்கள் கட்டுரையின் முதல் வாக்கியமே அதுதான்.

பதினேழாம் உணரி மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.
செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டேகால் வாக்கில்
சமமாய்ப் போகும் கோட்டில் ஒரு கூன்.
ஆளில்லாத அறையில் காற்று கனத்தது.
மென்பொருள் அதை விலகல் என்று வட்டமிட்டது.
பேட்டரி, என்றான் கோர்சின்.
எனக்கும் அது பேட்டரியாக இருப்பதே வசதி.
எங்கள் தொழிலில் இதற்குப் பெயர்
தரவைச் சுத்தம் செய்தல்.
இருநூற்றுப் பதினான்கு வரிகள்.
மூச்சுக் காட்டாமல் துடைத்தேன்.

குடையை மறந்த ஒரு வெள்ளிக்கிழமை
திரும்பிப் போய் அட்டையைக் காட்டினேன்.
என்னைக் கண்டதும்
மேலே விசிறிகள் விழித்துக்கொண்டன.
நான்காம் தளக் கூட்ட அறையில்
தூசி உறிஞ்சியை நிறுத்திவிட்டு ஒரு பெண்
கூரையை அண்ணாந்து பார்த்தாள்.
"அட, காற்று வருகிறதே" என்றாள்,
போர்ச்சுகீசியம் ஊறிய ஜெர்மனில்.

பெயர் இடலீனா.
அட்டை கிடையாது. பின்வாசலின் பழைய சாவி.
ஈரத் துணியால் பதினேழாம் உணரியைத் துடைத்தபடி
முகத்தை அதனருகே கொண்டுபோய்ச் சொன்னாள்:
"நான் வந்து அரை மணியில் இது சிவந்துவிடும்.
ஏதோ தப்பாகச் செய்கிறேன், திட்டுகிறது என்று
ஒவ்வொரு தடவையும் இதைத்தான் முதலில் துடைப்பேன்."

கைகொள்ளாத கருவிகளோடு
ஏழு மாதம் காற்றை அளந்த நான்
குடையை எடுக்காமலே இறங்கிவந்தேன்.
மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

காப்புப் பிரதியைத் தோண்டி
வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன்.
விசிறி ஒன்பது மணிவரை ஓடினால்
முப்பத்தொன்று இருபத்தாறாகிறது.
கோர்சின் கெட்டவனில்லை.
ஒவ்வொரு கிலோவாட்டையும்
தன் ஊர் மலையில் பெய்யாமல் போன பனியாக எண்ணுகிறவன்.
"வரையறையைப் பார். அலுவலகப் பணியாளர்கள்
என்றுதானே எழுதியிருக்கிறோம்" என்றான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கட்டுரை வெளிவரும்வரை யாரிடமும் சொல்லாதே."

தமிழில் இதற்கு
மூச்சு விடாதே என்போம்.
அவனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.
வெகுநேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு முதல் வாக்கியத்தை அவனே அடித்தான்.

ஒப்புதல் படிவத்தில் இடலீனாவுக்கு
பங்கேற்பாளர் அறுபத்து நான்கு என்று எண்.
வேலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.
செய்வதை எழுதுங்கள் என்றேன்.
சுத்தம் செய்தல், என்று எழுதினாள்.
கீழே ஆய்வாளர் கையெழுத்துக்கு இடம் இருந்தது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் கூன் இல்லை.
ஆனால் விசிறிக் காற்று நேரே பிடரியில் அடிக்கிறதாம்,
குளிர்கிறதாம், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு பெருக்குகிறாள்.
அதையும் குறித்துக்கொண்டேன்.