நாலாம் பொருத்தம்

முதல் கால் வெள்ளைக்காரியின் நிறத்தில் வந்தது.
"இந்த நிறம்தான் இருக்கு" என்றார் அந்த மாஸ்டர்,
நிமிராமல், துண்டில் எழுதிக்கொண்டே.
நடவுங்கோ என்றார். நடந்தேன்.
நோவுதா என்றார்.
இல்லை என்றேன்.

இரண்டு மணி பஸ்ஸை விட்டால்
அடுத்தது நாலரைக்கு.
மூதூரில் இறங்கிக் கூனித்தீவுக்கு ஓட்டோக் காசு வேறு.
எனக்குப் பின்னால் வாங்கில்
இருபத்தேழாம் இலக்கம் வரை ஆட்கள்.
இத்தனை பேரைக் காக்க வைத்துக்கொண்டு
நோவு சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

கிண்ணியாப் பாலம் தாண்டுமுன்னே
காலைக் கழற்றி மடியில் வைத்தேன்.
பக்கத்து இருக்கைப் பிள்ளை
அதன் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தது.
தாய் கையைத் தட்டிவிட்டாள்.
விடுங்கோ என்றேன்,
அதுக்கு நோவாது.

இரண்டாம் முறை கப்புக்குள் கொஞ்சம் சுரண்டினார்.
மூன்றாம் முறை,
"உங்கட மனம்தான் ஏற்குதில்லை, அக்கா."
இருக்கும் என்று நினைத்தேன்.
சீனி வருத்தத்துக்குக் காலைக் கொடுத்தவள்
மனத்தையும் எங்கேயாவது விட்டிருப்பேன்.

பிறகு ஏழு மாதம்
அலுமாரிக்குப் பின்னால் நின்றது அது,
சோக்ஸ் போட்டபடி,
போக நேரம் தெரியாத விருந்தாளி மாதிரி.
பள்ளிக்கூடக் கன்ரீனில் நான்
ஒரு கையில் ஊன்றுகோல்,
மறு கையால் ரொட்டி தட்டினேன்.

பிறகுதான் இந்தப் பிள்ளை. முப்லிஹா.
முக்காட்டு ஓரத்தில் சாந்துத் தூள்.
கதிரை இருக்க, நிலத்தில் குந்தினாள்.
காலைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை.
"எத்தன மணிக்கு எழும்புவீங்க?
எங்க நிண்டு சமைப்பீங்க, மண்ணா, சீமெந்தா?
கிணத்தடிக்கு எத்தன எட்டு?"
ஒரு கொப்பியில் எழுதினாள்.
எட்டு எண்ணி நடந்த ஆளில்லை நான்.
நாற்பது என்று குத்துமதிப்பாய்ச் சொன்னேன்.

என் மொட்டைக் காலை
இரண்டு கையாலும் பிடித்தாள்.
மாப் பிசைகிறவள் நான்,
தெரியும் அந்தப் பிடி.
பதம் பார்க்கிற பிடி.

"எங்க நோவுது?"
"இல்லைப் பிள்ளை, சரியா இருக்கு."
வாய் தன்பாட்டுக்குச் சொல்லிற்று.

லாச்சியைத் திறந்து
ஒரு லிப்ஸ்டிக் எடுத்தாள்.
சிவப்பு. கலியாணச் சிவப்பு.
தையல் ஓரத்தில், எலும்பு முனையில்,
கோடு பிசகாமல் பூசினாள்.

நாற்பத்தொன்பது வயதில்
எனக்குப் பூசின முதல் லிப்ஸ்டிக்.
பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று கட்டினவர்,
கால் வெட்டின கிழமையே
தமக்கை வீட்டுக்குப் போனவர்,
ஒன்று வாங்கித் தந்ததில்லை.

கப்பை மாட்டினாள்.
கம்பி பிடித்து ஆறு எட்டுப் போனேன்,
ஆறு எட்டு வந்தேன்.
கழற்றி, டோர்ச் அடித்து,
உள்ளே பாருங்க என்றாள்.
குனிந்தேன்.
அடியில், வெளியோரமாய்,
அப்பிக்கொண்டு கிடந்தது ஒரு வாய்.
ஒரு வருஷமாய் நான் மூடி வைத்திருந்தது.

"பொய் சொல்லியிருக்கீங்க," மெதுவாகத்தான் சொன்னாள்.
"பொய்க்காலுக்கு வந்தவள்தானே."
அப்போதுதான் சிரித்தாள்.

உள்ளே மெஷின் கிர்ரென்று அரைத்தது.
வெளியே வாங்கில் காத்திருந்தேன்.
ரோட்டோரமாய் வந்த மானொன்று
கதிரை நுனியில் கிடந்த என் இலக்கத் துண்டை
அவசரமில்லாமல் தின்றது.
கலைக்க எழும்ப ஒரு கால்தான் இருந்தது.
தின்னட்டும்.
இரண்டு மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

திரும்பப் போட்டு நடந்தேன்.
"இப்ப?"

சரி என்று வந்ததை
பல்லுக்குப் பின்னால் நிறுத்தினேன்.
முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம்,
ஒரு அரிசி அளவு,
ஊறவைத்த அரிசி இல்லை,
காய்ந்தது என்றேன்.

தலையாட்டிவிட்டு
மறுபடி லாச்சியை இழுத்தாள்.