ரசீது

பணம் கட்டியாயிற்று என்றார்கள்.
எத்தனை டாங்கி, எந்த வங்கி,
ரொட்டி சுடுகிறவனிடம் யார் சொல்வார்கள்?

சூயஸ் சாலையில்
அல்ஜீரியர்கள் வந்திறங்கியபோது நோன்பு மாதம்.
அவர்கள் பேசியதும் அரபிதான்,
பாதி எனக்குப் பிடிபடவில்லை.
பூஸியான் என்றொருவன்,
தியாரெத் ஊர்க்காரன்,
பொழுது சாய்ந்ததும் வந்து
விரல் காட்டித்தான் ரொட்டி கேட்பான்.
ஏழு.
அவன் டாங்கியில் நாலு பேர்.
மிச்சம் மூன்று
பக்கத்துப் பதுங்குகுழியில் கிடந்த எங்கள் பையன்களுக்கு.

பீரங்கிகள் ஓய்ந்தபின்
கெய்ரோவிலிருந்து ஒருவர் பேரேட்டோடு வந்தார்.
குண்டு, டீசல், போர்வை.
"நேச நாட்டு உதவி. வேறேதும் உண்டா?"

தினம் ஏழு ரொட்டி வாங்கினான் ஐயா,
மூன்றை எங்களுக்கே கொடுத்தான்.
கடைசி நாள் மட்டும் ஆறு விரல்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை.
நானும் அன்று கேட்கவில்லை,
ஆறா என்று.