சடைமுளை

தரம் பதினொன்றுக்கு வருசா வருசம்
சோக்கால் கீறுவேன்:
சிறுகுடல், அதன் உட்சுவர்,
விரல்விரலாய் நிமிர்ந்த சடைமுளைகள்.
"நாற்றுமேடை மாதிரி" என்பேன்.
முழங்காவில் பிள்ளைகளுக்கு அது போதும்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் காட்டிய படத்தில்
என் நாற்றுமேடை
வெள்ளம் ஐந்து நாள் நின்று வடிந்த வயல்.
"ரீச்சர்தானே, விளங்கும்" என்றார்.
விளங்கியது.

செலியாக்.
பெயரைக் கேட்ட மாமி
"வெள்ளைக்காரற்றை வருத்தம் உனக்கென்னத்துக்கு" என்றா.
பாணை விட்டேன். ரொட்டி, கொத்து,
கிறிஸ்மஸ் கேக்கின் ஓரம்.
பெருங்காயத்துக்குள்ளும் கோதுமை மா என்று அறிந்து
ரசத்தையும் விட்டேன்.
எனக்கு முன் என்ன அரைத்தீர்கள் என்று கேட்க
மில்காரன் சிரித்தான்.
உரல் வாங்கினோம். எமில் இடித்தார்,
வலை இழுத்த கையால்,
இரவு ஒன்பதுக்கு, அயலுக்குக் கேட்கும்படி.

ஒரு ஞாயிறு பாதர்
அப்பத்தைப் பிட்டு, அதையும் பிட்டு,
நகக்கண் அளவு நீட்டினார்.
"இவ்வளவு என்ன செய்யும் மகள்?"
ஆமென் என்றேன்.
நாலு நாள்
கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடந்தேன்.
அதன்பின் திராட்சை இரசம் மட்டும், தனிக் கிண்ணத்தில்.
என்ன பாவம் செய்தாளோ என்று
இரண்டு வாங்கு தள்ளி ஒரு கிசுகிசு.

வருசம் ஒன்று போனது.
முப்பத்தெட்டு கிலோ, அசையவில்லை.
டொக்டர் மூன்று தரம் கேட்டார்:
"களவாய் ஏதும்?"
எமில் கேட்கவில்லை.
ஆனால் ஓர் இரவு குசினியில்
பிள்ளையின் பிஸ்கட் பேணியைத் திறந்து
எண்ணிக்கொண்டு நின்றார்.
நான் கண்டதை அவர் காணவில்லை.

மறுபடி குழாய். மறுபடி துண்டு.
கொழும்புக்குப் போன துண்டு
ஏழு கிழமை கழித்து வாய் திறந்தது:
மா இல்லை. ஒரு தூளும் இல்லை.
மாவை எதிர்த்து எழும்பிய அணுக்கள்
மா போனபிறகும் இறங்கவில்லை.
காவலுக்கு விட்டவர்களிடம்
முடிந்துவிட்டது என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.
அரிதிலும் அரிதாம்.
இதில் வகை ஒன்று, வகை இரண்டு.
இரண்டென்றால் புற்று அடுத்த வளவு.
எனக்கு ஒன்று.
பக்கத்தில் "இப்போதைக்கு" என்று எழுதியிருந்தது.

எப்போது தொடங்கியது என்றும் கேட்டார்கள்.
முகாமில் எனக்குப் பதினாறு.
நிவாரண மாவில் அம்மா
மூன்று நேரமும் ரொட்டி சுட்டா.
வயிறு ஓடியது; எல்லாருக்கும் ஓடியது.
எலும்பு தெரிந்தது; எல்லாருக்கும் தெரிந்தது.
அத்தனை மெலிவுக்குள்
என் மெலிவை எவர் பிரித்தெடுப்பார்?
வருத்தம் வரிசையில் என்னோடு நின்று
தனக்கும் ஒரு பங்கு வாங்கியது.
அந்த மாவைத் திட்ட எனக்கு வாய் வராது.
அது இல்லையென்றால்
இந்த வயிறும் இல்லை, வலிக்க.

இப்போது குளிசை. காலையில் மட்டும் எட்டு.
முகம் உருண்டுவிட்டது.
"தேறிட்டீங்கள் ரீச்சர்" என்கிறா மீன்காரி,
ஒரு சூடையைக் கூடப் போட்டபடி.
ஓம் என்கிறேன்.

கிளினிக் நாளில் ஐந்து பத்து பஸ்.
சங்குப்பிட்டிப் பாலத்தில் விடியும்.
பக்கத்தில் இருந்த அம்மா
பணிசைப் பிட்டுப் பாதியை நீட்டினா.
செலியாக் சொல்லி முடிக்கப்
பாலத்தின் நீளம் காணாது.
"தபசு காலம்" என்றேன்.
அவவின் கழுத்துச் செபமாலையைப்
பிறகுதான் கண்டேன்.

"பாஸ்கா முடிஞ்சு மூண்டு கிழமை பிள்ளை."

"எனக்கு முடியேல்லை."

என் முகத்தையும்
மடியில் இருந்த கிளினிக் கொப்பியையும் பார்த்தா.
இரண்டு பாதியையும் சேர்த்துக்
கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தா.
ஆஸ்பத்திரியடி வரைக்கும்
அவவும் சாப்பிடவில்லை.