எது தேயலாம்

மேல் கீல்தான் முதலில் தேயும்.
கீழே இருப்பது பெயருக்கு நிற்கும்,
பாரமெல்லாம் மேலே.

கொரட்டூரில் இந்த வீட்டை வாங்கியபோது
கண்ணாடிக் கதவும் சேர்ந்தே வந்தது.
முந்தைய சொந்தக்காரர்
எந்த ஓட்டலில் பார்த்து ஆசைப்பட்டாரோ,
ஐந்துக்கு ஏழு குளியலறையில்
ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து
பித்தளையில் இரண்டு கீல் வைத்திருந்தார்.
பதினெட்டு வருஷம் போர் தண்ணீர்.
உப்பு பூத்துப் பூத்து
உள்ளே நிற்பது யாரென்று வெளியே தெரியாது.
வெளியே நின்று பார்க்கவும் ஆளில்லை.

மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும் கதவு.
இடது கையால் தூக்கிப் பிடித்தால் மூடும்.
நாலு வருஷம் தூக்கிப் பிடித்தேன்,
சோப்பு போடுவது போல
அதுவும் குளியலில் சேர்த்தி என்று.

ஒரு ஞாயிறு காலை
கீழ் வீட்டுக் குணபூஷணம்
செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
அவர் வீட்டுக் கூரையில்
ஆட்டு ஈரல் போல ஒரு கறை.
"நீங்க குளிச்சா நாங்க நனையறோம் சார்."

சண்டைக்கு வந்தவர்தான்.
கதவு சாய்ந்திருப்பதைப் பார்த்ததும்
சட்டைக் கையை மடித்தார்.
மாநகரப் பேருந்தில் கண்டக்டர்,
சாய்ந்த கதவுகள் அவருக்குப் புதிதில்லை.
அவர் கண்ணாடியை அணைத்துப் பிடிக்க
நான் திருகுகளைக் கழற்றினேன்.
ஒன்று வரவில்லை.
தேங்காய் எண்ணெய் விட்டு, காபி குடித்து,
திரும்பி வந்த பிறகு வந்தது.

கீலுக்குள் ரப்பர் கரிப்பொடியாய் உதிர்ந்தது.
வட்டமாய் இருந்த பின்
முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது,
ஒரு பக்கம் மட்டும்,
நான் இழுத்த பக்கம்.

கதவு ஒரு வாரம் ஹாலில்
டிவிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது,
வந்த விருந்தாளியை
உட்காரச் சொல்ல மறந்ததுபோல்.

செம்புதாஸ் தெருவில் ஏழு கடை.
"இந்த மாடல் நின்னுபோச்சு சார்."
"நின்னுபோச்சு."
ஏழாவது கடைக்காரர்
கீலை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தார்:
"பழைய பித்தளை, கிலோ விலைக்கு எடுத்துக்கறேன்.
டோரையே புதுசாப் போட்டுடுங்க."
பிடுங்காத குறையாய் வாங்கிக்கொண்டு
ரயிலேறினேன்.

பாடியில் ஒரு லேத் பட்டறை.
நாகூர்கனி பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
தலை நிமிராமலே கேட்டார்:
"ஸ்டீல்ல போட்டா கீல் தேயும்.
பித்தளையில போட்டா பின் தேயும்.
எது தேயலாம்னு நீங்களே சொல்லுங்க."

தேயாமல் இருக்க ஏதாவது, என்று இழுத்தேன்.
"கதவைத் தொறக்காம இருக்கணும்."

பின் தேயட்டும் என்றேன்.
இரண்டுக்கு நாலாய் அடித்துக் கொடுத்தார்.
ரப்பருக்கு
சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப்,
சும்மாவே கிடைத்தது.

அடுத்த ஞாயிறு.
இரண்டு துண்டை மடித்துக் கீழே கொடுத்து
அதன்மேல் கதவை நிறுத்தினோம்.
அவர் உள்ளே, நான் வெளியே,
நடுவில் உப்பு.
"வரட்டும் வரட்டும்... கொஞ்சம் முன்னே...
ஓல்டேன்!"
அவர் தோள் உரசிய இடத்தில்
கண்ணாடி வட்டமாய்த் துலங்கி
ஒரு காதும் பாதி மீசையும் தெரிந்தன.
மேல் திருகை இறுக்கினேன்.
துண்டை உருவினேன்.
கதவு நின்றது.
"ரைட்" என்றார் உள்ளேயிருந்து,
பிறகு தானே திறந்துகொண்டு வெளியே வந்தார்.

கீழே இப்போது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி,
மூன்று பத்து ரூபாய் நாணயம் அடுக்கி அளந்தது,
அதுவும் கொஞ்சம் தளர்வுதான்.

கறைக்கு வெள்ளையடிக்க
ஆயிரத்து இருநூறு கேட்டார், கொடுத்தேன்.
இன்னும் அடிக்கவில்லை.
மிச்சமிருக்கும் இரண்டு பின்னும்
மாத்திரை டப்பாவில் இருக்கின்றன.

இடது கை இன்னும் தானாகவே போகிறது,
தூக்க வேண்டியதில்லாத கதவைத் தூக்க.

காலை ஏழேகாலுக்கு,
முதல் ஷிப்டு இல்லாத நாட்களில்,
தலை துவட்டும்போது போன் அதிர்கிறது.
"குளிச்சாச்சா?"
ஆச்சு, என்று அனுப்புகிறேன்.
கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
ஸ்டூல் போட்டு ஏறுகிறார் போலிருக்கிறது.
பிறகு ஒரே சொல்:
"சொட்டல."